தரைவீடும் பலாமரமும்

அன்பு ஜெயகணேஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உடம்புக்கு மட்டும்தான் சொல்கிறேன். நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போனாயா? வலி நின்றுவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதே. போனில் பேசினால் ஹாலில் அப்பா காதில் விழும், நீயும் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் என்னிடம் பேச்சையே தொடங்கினாய். எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கடிதத்தில் அவள் பெயரையோ அவள் அப்பா அம்மா பெயரையோ நான் எழுதப் போவதில்லை. போக்சோ சட்டம் அதை வெளியே விடாதே என்கிறது. போலீஸ்கூட யூனிஃபார்ம் போடாமல் சேலையில் வந்து, அவள் கேட்டபடி நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனார்கள். இவ்வளவுக்குப் பிறகும் புனேயில் இருக்கிற உனக்கு அவள் பெயர் தெரிந்திருக்கிறது. ஸ்கூல் நண்பர்கள் குரூப்பில் வந்தது என்றாய். வெங்கடேஷின் பெயர் வந்ததா என்று கேட்டேன், இல்லை, "நம்ம டியூஷன் சார்" என்றுதான் போட்டிருந்தார்கள் என்றாய். அவருக்கு எவ்வளவு மரியாதை பார்.

உனக்கு அவர் கணக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், இல்லையென்று யார் சொன்னார்கள்? அந்தப் பிள்ளையின் அப்பா மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை டியூஷன் விட்டதும் நம் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பையைத் திறக்காமலே அழுதாள், பிறகு வெங்கடேஷ் செய்ததைச் சொன்னாள். அவள் அம்மாவை வரச்சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். தெரிந்த பிறகு சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம் என்கிறது சட்டம். நம் பிளாக்கில் சொன்னதுதான் குற்றம். எதிர்வீட்டு மாரியம்மாள் கோலம் போடும்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வெங்கடேஷ் ஜாமீனில் வந்தாயிற்று. நம் ஊரில் எந்தத் தகராறுக்கும் ஒரே மருந்து உனக்குத் தெரியும், மியூச்சுவல். மாடியிலிருந்து தண்ணீர் கொட்டினால், மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆகாமல் போனால், இன்னொரு பிளாக்காரரோடு குவார்ட்டர்ஸை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சனிக்கிழமை பிளாக்கில் உள்ளவர்கள் நம் ஹாலில் கூடி இதற்கும் அதையே முடிவு செய்தார்கள். குவார்ட்டர்ஸ் அவர் மனைவி ருக்குமணி பெயரில் இருப்பதால் அவள் வேறு பிளாக்குக்கு மாற்றிக்கொள்வது, அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளை கோர்ட்டில் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுவது. மாற்றிக்கொள்ள ஆள் பிடித்துக் கொடுத்ததே உன் அப்பாதான், கூட வேலை செய்கிற சிவக்குமார். மாற்றுவது எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. அவருடையது தரைவீடாம், பின்னால் காய்க்கிற பலாமரமாம். ருக்குமணிக்கு மாடி ஏறினால் முட்டி வலிக்கும், நல்லதாகப் போயிற்று என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். தண்டனையாக வெங்கடேஷுக்குக் கிடைத்தது தரைவீடும் பலாமரமும்.

காபி கொண்டுபோன நான், அந்த பிளாக்கில் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டேன். எல்லோரும் காபியைக் குடித்தார்கள். பிறகு ஒருவர், "மேடம் டிகிரி படிச்சவங்க, விட்டா ஜட்ஜ்மென்டே எழுதிடுவாங்க" என்றார். சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கண்ணா. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு வேறு யாரோ போல இருந்தது.

பிள்ளையின் அப்பாவை வாசல் பக்கத்திலேயே நிற்க வைத்திருந்தார்கள். வேலையைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லிப் பார்க்கிறோம் என்றார்கள். அவர் போகும்போது என்னிடம், "அம்மா, நாளைக்கும் இவங்க முன்னாடிதான் நின்னுகினு இருக்கணுங்க, நான் இன்னாங்க பண்றது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையின் அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை, இன்னும் அசையவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கடலூர் கோர்ட்டில் பிள்ளையை விசாரிக்கிறார்கள். அவன் முகம் அவள் கண்ணில் படாமல் மறைப்பார்கள், வக்கீல் நேரே கேட்காமல் ஜட்ஜ் வழியாகத்தான் கேட்க வேண்டும், அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். எல்லாம் நல்ல சட்டம்தான். எழுதியவர்களுக்கு நம் ஹாலைத் தெரியாது. "ஆன்ட்டி, நீங்க பக்கத்துல குந்திகினு இருந்தா சொல்லிடுவேன்" என்றாள். ஜட்ஜ் அனுமதி கொடுத்திருக்கிறார். அப்பா என்னிடம், "உனக்குக் கடலூரில் வேலையில்லை" என்கிறார். நீயும், "நமக்கு ஏம்மா இந்த வம்பு" என்றாய். அது அப்பா சொல்லிக்கொடுத்ததா, உனக்கே தோன்றியதா என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அப்பா சொல்லிக்கொடுத்ததாகவே வைத்துக்கொள்கிறேன். நான் முதல் பஸ்ஸுக்கே போய்விடுவேன். அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது. ஞாபகம் இல்லை என்று சொன்னாலும் பக்கத்தில்தான் இருப்பேன்.

அத்தை மகள் அகிலாவுக்கு வளைகாப்பு வருகிறது, மறக்காமல் பேசு. வெயிலில் அலையாதே. எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இரு, அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

வியாழக்கிழமை பகலில் கூப்பிடாதே, கோர்ட்டில் போனை வெளியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் கூப்பிடு. என்ன சொன்னாள் என்று கேட்காதே. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேள். பெயர் சொல்லாமல் கேள்.

உன் அம்மா,
தேவயானி