பெடலை மிதித்தால் வரும் சத்தம்

1996 ஜனவரி 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மூன்று தடவை பனி அள்ளினேன். இடுப்பு கழன்றுவிட்டது. காப்பி குடிக்கும்போது என் மனைவி ஐலி சொன்னாள், அவள் காரில் கிளட்ச் பெடலை மிதித்தால் ஏதோ கீச்சிடுகிறதாம். போய் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டேன். நியூட்ரலில் வைத்து மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். அவள் ஜன்னல் பக்கம் குனிந்து, "இதோ, இப்போ! கேக்குதா?" என்றாள்.

எனக்கு எஞ்சின் உறுமல் மட்டும்தான் கேட்டது.

"ஒண்ணுமில்ல. இந்தக் குளிருக்கு எல்லாம் கொஞ்சம் முனகத்தான் செய்யும்" என்றேன். நாடி பிடித்துப் பார்த்த பெரிய வைத்தியர் மாதிரி. அவளும் நம்பிவிட்டாள். அதே காரில் முப்பது மைல் ஓட்டிக்கொண்டு முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள்.

ஜனவரி 11

எழுதித் தொலைக்கிறேன். சொல்ல வேறு ஆள் இல்லை. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

முழுதாக இல்லை. தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது. கூரான சத்தங்கள்தான் இல்லை. கெட்டில் விசில், டெலிபோன் மணி, ஐலியின் பேச்சில் பாதி. செப்டம்பரிலேயே தெரியும். அவள் பேசினால் 'ம்' போட்டுவிடுகிறேன். எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. ஈஸ்டருக்கு அவள் தங்கை குடும்பத்தோடு வந்து இரண்டு வாரம் தங்கச் சம்மதித்திருக்கிறேனாம்!

டாக்டரிடம் போகலாமே? போனால் மறுநாள் ஊர் முழுக்கத் தெரியும். நான் வேலை செய்கிற கார் பட்டறையின் முதலாளி டெலோரஸ் வாசலில் பலகை வைத்திருக்கிறாள், பெரிய காது படம் வரைந்து, 'ரெய்னோ கேட்டுச் சொல்வான்' என்று. ஏரிக்கு அந்தப் பக்கமிருந்தெல்லாம் வண்டியை ஓட்டி வந்து, "கொஞ்சம் காது குடுங்க" என்கிறார்கள். காது இல்லாத ரெய்னோ யாருக்கு வேண்டும்? எனக்கே வேண்டாம்.

ஜனவரி 14, ஞாயிறு

தேவாலயத்துக் கீழறையில் காப்பி. ஐலி ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுபோயிருந்தாள். பேச்சுவாக்கில் காரின் சத்தத்தைச் சொன்னாள். என்னோடு பட்டறையில் வேலை செய்கிற கிளைட் எதிரே இருந்தான்.

"ரெய்னோ என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லங்கறான்."

"அப்போ ஒண்ணுமில்ல! நீ மொதல்ல உன் காதைக் கழுவு, ஐலி!"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

திரும்பும்போது, "எனக்குத்தான் வயசாகுது போல" என்றாள்.

ஜனவரி 17

எண்ணெய் மாற்றுகிறேன் என்று சொல்லி அவள் காரை மத்தியானம் ஜல்லிக் குவாரிக்கு ஓட்டிப்போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங். மிதிக்கும்போது வந்தால் ரிலீஸ் பேரிங், கிளட்சை விடுவிக்கிற வளையம். தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லி என்ன கிழித்தேன்? சத்தம் காதில் விழ வேண்டுமே.

பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு பெடலில் பாதத்தை வைத்தேன். மெதுவாக அழுத்தினேன். உள்ளங்காலுக்குக் கீழே மணலை நசுக்குகிற மாதிரி ஒரு நறநறப்பு. இருக்கிறதா? இல்லை, குளிரில் என் கால்தான் நடுங்குகிறதா? மறுபடி அழுத்தினேன். இருக்கிறது.

ஐலி அன்றைக்கே சொல்லிவிட்டாள், மிதித்தால் வருகிறது என்று. நான் கேட்டிருக்க வேண்டியது அதைத்தானே?

கியர்பாக்ஸை இறக்கினால்தான் பேரிங்கைப் பார்க்க முடியும். இறக்கினால், ஏன் என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொன்ன வாயால் என்ன சொல்வது? பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கோழை.

ஜனவரி 20, சனி

ஐலி இப்போதெல்லாம் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. காரில் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு போகிறாள். ஏன் என்று கேட்டேன்.

"நீதான் ஒண்ணுமில்லன்னுட்டியே. அப்புறம் எதுக்கு அதைக் கேட்டுக்கிட்டு?"

ஜனவரி 23

இன்றைக்குச் சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தேன். உப்பு கேட்டேன்.

ஜனவரி 26, வெள்ளி

ஐலி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

வேலை முடிந்து திரும்பும்போது பனிப்புயல். மேட்டில் வேகத்தைக் குறைக்கப் பெடலை மிதித்திருக்கிறாள். அது தரையோடு போய்விட்டது, கிளட்ச் விடவில்லை. வண்டி உதறிக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி முடுக்கினால் உள்ளே இரும்பு இரும்பைக் கடித்து அலறியதாம். பயந்துபோய் அணைத்துவிட்டாள். சூடு போடவும் வழியில்லை. இரண்டு மணி நேரம். பனி தள்ளும் வண்டிக்காரன் பார்த்திருக்காவிட்டால்—

வேண்டாம். அதை எழுத மாட்டேன்.

இடது காலில் இரண்டு விரல் குளிரில் விறைத்து மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. உணர்ச்சி வரும், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நான் பெடல்லயே காலை வெச்சு ஓட்டறேனோ என்னவோ, ரெய்னோ. அதான் கெட்டுப்போச்சோ?"

ஐயோ, நான் அப்போகூட வாயைத் தெறக்கல. 'ம்'னுட்டேன். 'ம்'னுட்டேன்!

ஜனவரி 27

பட்டறைக்குக் காரை இழுத்து வந்தார்கள். கிளைட் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பெருசு, உன் சம்சாரம் காலைப் பெடல்லயே குடிவெச்சிருக்கா" என்றான். ஜாக்கியைக் கொண்டுவா என்று மட்டும் சொன்னேன்.

நானே கியர்பாக்ஸை இறக்கினேன். ரிலீஸ் பேரிங் உடைந்து துண்டு துண்டாகக் கொட்டியது. கிரீஸ் என்ற பேச்சே இல்லை, வளையம் கருகி நீலம் பாய்ந்திருந்தது. இது ஒரு நாளில் ஆகிற வேலை இல்லை. மாசக்கணக்கில் கத்தியிருக்கும்.

துண்டுகளைப் பழந்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "இதுதான் நீ கேட்ட சத்தம். நீ சரியாத்தான் கேட்டிருக்கே. எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது கேக்கல, ஐலி."

அவள் ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"செப்டம்பர்லேருந்து."

அழுவாள் என்று நினைத்தேன். பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து என் மூஞ்சியில் எறிந்தாள். நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து சொன்னாள்: "என் பேச்சு உனக்குச் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்டா, பாவி. அஞ்சு மாசமா. அந்தக் குளிருக்குள்ள உக்காந்து என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்."

பிறகு, "எல்லாரும் எங்க வெச்சு என்னைப் பாத்துச் சிரிச்சாங்களோ, அங்கேயே சொல்லு" என்றாள். தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 30

டெலோரஸிடம் சொல்லிவிட்டேன். ஜன்னல் வழியாக வாசல் பலகையைப் பார்த்தாள். "யோசிக்கணும்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

பிப்ரவரி 4, ஞாயிறு

கீழறைக் காப்பி. ஐலி ஊன்றுகோலோடு வந்திருந்தாள். கோப்பைகள் நிறைந்ததும் எழுந்து நின்றேன்.

"ஐலியோட கார்ல சத்தம் இருந்தது. அவ கேட்டா. எனக்குக் காது செத்துப்போச்சு, அதை மறைச்சேன். தப்பு அவ கால்ல இல்ல."

கிளைட் ஐலி பக்கம் திரும்பித் தலைகுனிந்து ஏதோ முணுமுணுத்தான்.

"எனக்குக் கேக்கல. திருப்பிச் சொல்லு" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. மறுபடி சொன்னான். இந்தத் தடவை உதட்டைப் பார்த்தேன், நன்றாகவே புரிந்தது. 'மன்னிச்சுக்கோ, ஐலி.'

"இன்னும் சத்தமா."

கத்திச் சொன்னான். பாதிரியாரின் மேசைவரைக்கும் திரும்பிப் பார்த்தது. ஐலி எழுந்து அவன் கோப்பையில் காப்பி ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை. ஜாடியை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.