தட்டில் வைக்காத பேனா

அன்புத் தங்கைக்கு,

உன் மகன் டாங்டாங்கின் முதல் பிறந்தநாள் படம் வந்து சேர்ந்தது. "போலிப் பேனா விக்கிறத விட்டுடுக்கா, யாருமே வாங்கக் கூடாத சரக்கு அது" என்று கூடவே எழுதியிருக்கிறாய். விடமாட்டேன்.

யீவூ சந்தையில் என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் ஏமாந்து வாங்கவில்லை. போலி என்று சொல்லித்தான் விற்கிறேன். பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போனால் மைப்பேனா வேண்டும். பெரிய கம்பெனிப் பேனாவுக்குக் காசில்லாத அப்பன்கள் எங்கே போவார்கள்? நீயும் இந்தப் போலிப் பேனாவில் எழுதிப் படித்துத்தான் ஷாங்காய்க்குப் போனாய்.

பிறந்தநாள் அன்று புத்தகம், மணிச்சட்டம், முத்திரை எல்லாவற்றையும் தட்டில் பரப்பிவிட்டு, குழந்தை எதை எடுத்து என்னவாகப் போகிறான் என்று சுற்றி நின்றீர்கள். என் பேனாவை மட்டும், "பைக்குள்ளயே வைக்கா, மானம் போயிடும்" என்று தடுத்தாய். உன் மாமியாரின் அசல் பேனாவை அவன் பிடித்தானோ இல்லையோ, அவர் பதறிப் பிடுங்கினார். "ஐயையோ, கடிச்சிடுவான்! என்ன விலை தெரியுமா?" பிள்ளை வீறிட்டான். நான் என் பேனாவைக் கையில் கொடுத்ததும்தான் அழுகை நின்றது. "படிப்பாளிடா என் பேரன்!" என்று முதலில் கைதட்டியதும் உன் மாமியார்தான். அப்போது எடுத்த படம் இது.

படத்தில் என்னை வெட்டிவிட்டாய். போகட்டும். பேனாவை வெட்ட முடியவில்லை பார்; அவன் விடாமல் பிடித்திருக்கிறான்.

பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிவிட்டேன். யார் பிள்ளை என்று கேட்கிறவர்களிடம் என் தங்கச்சி மகன் என்று சத்தமாகத்தான் சொல்கிறேன்.

நீ வெட்டிய ஓரத்தில் நிற்கும்
உன் அக்கா