மச்சானின் சுருதிக்கு ஒரு பெட்டி

என் பிரியத்துக்குரிய சுடலைமுத்து மச்சானுக்கு,

நேற்று அம்மன் கொடைத் திருவிழா முடிந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு நம் பாட்டுக் குழு மேடை ஏறியது. பாடியது யார் என்று சொன்னால் நம்ப மாட்டாய். உன் தங்கச்சி பேச்சிதான். முடிவை முதலில் சொல்லிவிட்டால் அது ஒரு கதையா என்று நீ கேட்பாய். என்ன செய்ய, வாயில் நிற்கவில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம் மஞ்சள் காமாலையில் நீ போனாய். அன்று மூடிய ஆர்மோனியத்தை நான் திறக்கவே இல்லை. உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துப் பனியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? இந்தத் தை மாதம் திறந்து பார்த்தால் ஒலி எழுப்பும் ரீடுத் தகடெல்லாம் துரு. துருத்தித் தோலைக் கரப்பான் தின்றிருந்தது. கட்டையை அமுக்கினால் இருமல்தான் வந்தது.

திறக்க வைத்தவள் பேச்சி. "மூணு கொடையும் ரெக்கார்டு போட்டே ஓடிப்போச்சு. அண்ணன் கட்டுன பாட்ட ஒருத்தரும் பாடல. நான் பாடுறேன், நீங்க வாசிங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன் மச்சான். ரேடியோவோடு சேர்ந்து பாடும்போதெல்லாம் அவள் குரல் நூலளவு கீழே நிற்கும். "ரேடியோவக் கெடுக்காத" என்று பத்து வருஷமாகக் கேலி செய்து வந்தவன் நான். குழுவில் மற்றவர்களும் குரல் சரி, சுருதி நிற்காது என்றே சொன்னார்கள். அவள் என்னிடம் மட்டும், "மொதல்ல ஒரு பெட்டி வாங்குங்க. பெட்டியோட பாடிப் பாக்குறேன். அப்பவும் சேரலன்னா இனிமே வாயே தொறக்கல" என்றாள். சொன்னால் சொன்னதுதான் என்பது உன் குடும்பத்துக் குணம். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கம்பம்மெட்டு வரை ஜீப், அங்கிருந்து மலை இறங்கி பஸ் மாறி மதுரைக்குப் போனோம். வாத்தியக் கடையில் புது ஆர்மோனியங்கள் இருந்தன. ஆனால் என் கண் போனது வேறு பக்கம். சிங்கப்பூரிலிருந்து வந்த எலெக்ட்ரிக் ஆர்கன், இரண்டு வரிசைக் கட்டை, பொத்தானைத் தட்டினால் தானே தாளமும் போடுகிறது! வாயைப் பிளந்து நின்றேன்.

"நம்ம தோட்டத்து லய வீட்டுல ஒரு பல்பு கெடையாது. இத எங்க கொண்டுபோய்ச் சொருவுறது?" என்றாள் பேச்சி.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொன்றைக் காட்டினார். அதுவும் ஆர்கன்தான், மடியில் வைத்துக்கொள்கிற அளவு. டார்ச் லைட் பேட்டரி போட்டால் போதுமாம். எனக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தது. பெரியதன் முன்னாலேயே உட்கார்ந்து, "பாடு, பாப்போம்" என்றேன்.

நீ அம்மனுக்குக் கட்டிய பாட்டின் முதல் அடியைப் பாடினாள். கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார், "அம்மாவுக்குக் கொஞ்சம் எறங்குது" என்று. மறுபடி பாடினாள். மறுபடியும் அதே நூலளவு. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய், "போதும், விடு" என்றேன். பத்துப் பேர் முன்னால் என் வாயிலிருந்துதான் அது வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

அழவில்லை. தெருவைப் பார்த்தபடி அதே பாட்டைத் தனக்குத்தானே மெதுவாகப் பாடி முடித்தாள். பக்கத்தில் எந்தப் பெட்டியும் இல்லாதபோது அவள் குரல் இம்மியும் அசையவில்லை. ஆரம்பித்த இடத்தில் வந்து அப்படியே உட்கார்ந்தது. சுருதி நிற்காதவள் இப்படியா பாடுவாள்? அப்போதுதான் எனக்கு உன் அரம் ஞாபகம் வந்தது.

பேச்சியை நான் கட்டிக்கொள்வதற்கு முன்னால் வந்த அந்த அடைமழை வாரம் நினைவிருக்கிறதா? உன் குரல் ஆர்மோனியக் கட்டைக்குச் சற்றே கீழேதான் சுகமாக நிற்கும். "நான் எதுக்கு மாப்ள ஏறணும்? பெட்டி எறங்கட்டும்" என்று கவாத்துக் கத்தி தீட்டும் அரத்தை எடுத்து ஒரு ரீடை ராவினாய். அது இறங்கியது. பக்கத்து ரீடு அதோடு சண்டை போட்டது. அதையும் ராவினாய். மழை விடுவதற்குள் பெட்டி முழுக்க உன் தொண்டைக்கு இறங்கி வந்துவிட்டது. கிளாரிநெட் அந்தோணி, "ஊரு ஒலகத்துக்கு ஒரு சுருதி, ஒங்களுக்கு மட்டும் ஒண்ணா?" என்று கோபித்துக்கொண்டு போய், பிறகு திரும்பி வந்ததும் மறக்குமா?

அந்தப் பெட்டி தினமும் பாடிய வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் சோறு பொங்கிக்கொண்டு வளர்ந்தவள் பேச்சி. அவளுக்கு உலகத்தின் சுருதியே அதுதான். உன் பெட்டியோடு சேர்ந்து அவள் பாடி ஒருநாளாவது கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். குழுவில் பெண்பிள்ளைக்கு இடமில்லை என்று நாம்தானே வைத்திருந்தோம்? ஏன் அப்படி வைத்தோம் மச்சான்?

"சுருதிய எறக்க வழி இருக்காங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன். பெரியதில் இல்லை. சின்னதின் பின்னால் ஒரு திருகு இருந்தது. பேச்சி உள்ளே வரமாட்டேன் என்றாள். அத்தனை பேர் முன்னாலும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தேன், அவள் குரலை நீட்டிப் பிடித்தாள். இரண்டும் உரசி நடுங்கின. திருகைத் தொட்டுத் தொட்டு இறக்கினேன். நடுக்கம் மெதுவானது, பிறகு நின்றே போனது.

அவள் கண்ணைத் திறந்து, "அண்ணன் பெட்டி" என்றாள்.

"ஒம்மேல தப்பில்ல பேச்சி. இத்தன வருஷமா நாந்தான் தப்பாக் கேட்டிருக்கேன்" என்றேன். அந்த விளையாட்டுச் சாமானைத்தான் வாங்கி வந்தோம். பஸ்ஸில் அதை அவள் மடியிலிருந்து இறக்கவே இல்லை.

நேற்று மேடையில் நான் முதல் கட்டையை அமுக்கியதும் அந்தோணி கிளாரிநெட்டை வாயில் வைத்து ஊதினார். சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். கண்ணைத் துடைத்துவிட்டுக் குழலின் இணைப்பை இம்மி வெளியே இழுத்துச் சுருதியை இறக்கிக்கொண்டார். பேச்சி பாடினாள். குரல் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீ கேட்டிருப்பாய்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும் மச்சான். நீ விட்டுப்போன பெட்டியை நான் துருப்பிடிக்க விட்டேன். அவளிடம் நீ விட்டுப்போன சுருதியை நான் கேலி பண்ணியும் கெடவில்லை. அதனால்தான் நான் மறுபடி வாசிக்கிறேன்.

ஏலக்காய் மூட்டைக்கு அடையாளம் போடும் சிவப்பு மையால் அந்தத் திருகின்மேல் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான் இருக்கும் வரை அது அந்தக் கோட்டை விட்டு நகராது. யார் வந்து வாசித்தாலும் சரி, அவர்கள்தான் பேச்சிக்கு இறங்கி வரவேண்டும்.

உன் தங்கச்சியின் குரலை இப்போதுதான் சரியாகக் கேட்ட,
உன் மாப்ள
செல்லையா