தண்ணீர் ஊற்றாத நாட்கள்

ஜூன் 9, திங்கள்

'வீடுதோறும் தோட்டம்' இயக்கத்துக்கான விதைப் பொட்டலங்கள் ஆபீஸுக்கு வந்து இறங்கின. நாடு முழுவதற்கும் ஒரே பொட்டலம், ஒரே படம். பிரித்தால் காலிபிளவர், முட்டைக்கோஸ், கேரட். ஜூன் மாதத் திருச்சியில் காலிபிளவர்! இங்கே மனிதனே வெந்துகொண்டிருக்கிறான். மேலதிகாரியிடம் சொன்னேன். "குடுக்கச் சொல்லியிருக்காங்க, குடுங்க வளவன்" என்றார். எங்கள் நர்சரியில் மிச்சமிருந்த கத்திரி, வெண்டை, கீரை விதைகளை ஒவ்வொரு பொட்டலத்தோடும் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டேன். இருபது வருஷ தோட்டக்கலை உத்தியோகத்தில் இந்த மாதிரித் திருட்டுத்தனங்கள்தான் என் பெருமை.

காலையில் வழக்கம்போல் ஸ்ரீரங்கம் வீட்டு மொட்டை மாடியில் நானும் கனிஷ்காவும். இருபத்து மூன்று செடிப்பைகள். அவள் தண்ணீர் ஊற்றுவாள், நான் இலையைத் திருப்பி மாவுப்பூச்சி பார்ப்பேன். ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை. பன்னிரண்டு வயதுப் பெண் அப்பாவிடம் வாய் ஓயாமல் பேசுவது அந்த நேரத்தில் மட்டும்தான். கணக்கு டீச்சர் யாரைத் திட்டினார், யார் யாரோடு டூ விட்டார்கள், எல்லாம் வரும். கீழே இறங்கிவிட்டால் அவள் அம்மா பெண். மாடியில் என் பெண்.

ஜூன் 17, செவ்வாய்

தென்னூரில் கத்திவிட்டேன்.

குப்பைமேடாகக் கிடந்த மாநகராட்சிக் காலிமனை அது. எட்டு மாதத்தில் பன்னிரண்டு பாத்தி, பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு பாத்தி, ஆளுக்கு ஒரு கேட் சாவி. அடுத்தவர் பாத்தியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. பிப்ரவரியில் யாரோ யாருடைய கத்திரிக்காயையோ பறித்துவிட்டார்கள் என்று வந்த சண்டையில் என் காது கிழிந்தது. அதற்குப் பிறகு இந்த விதி.

நாளை சென்னையிலிருந்து குழு வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இது இயக்கத்தின் மாதிரித் தோட்டம். போய்ப் பார்த்தால் பானுப்ரியாவின் அரைக்கீரைப் பாத்தி மொத்தமும் சாய்ந்து கிடக்கிறது. நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. தினமும் அனுப்ப வேண்டிய போட்டோவும் இல்லை. பானுப்ரியா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். கணவர் திருப்பூரில். மூன்று வயதுக் குழந்தை.

"நாலு நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? ஒரு குடம் தண்ணி ஊத்த முடியாதா? முடியலன்னா சாவியக் குடுத்துட்டுப் போங்க, ஆளுக்கா பஞ்சம்?"

எல்லார் முன்னாலும் கேட்டேன். கேட் ஓரமாகவே நின்ற அவர் தலை நிமிரவில்லை. மற்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் சொன்னது சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 18, புதன்

குழு வரவில்லை. பிறகு தேதி சொல்வார்களாம்.

ஜூன் 20, வெள்ளி

பக்கத்துப் பாத்தி ருக்ஸார் ஆபீஸுக்கே வந்து பானுப்ரியாவின் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"அவங்க இனிமே வர மாட்டாங்களாம் சார். நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர்ல இருந்திருந்தா நானே ஊத்தியிருப்பேன். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா?"

"மாசாமாசம் சார்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று கிளம்பிவிட்டார்.

மாதாமாதம் அப்படி என்ன வேலை? தையல் ஆர்டராக இருக்கும். என் விதியை இவர்கள் மதிப்பதில்லை என்பது மட்டும் புரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

மதியம் வீட்டிலிருந்து மனைவி அனுவின் போன். "சீக்கிரம் வாங்க. பயப்படாதீங்க, நல்ல விஷயம்தான்."

கனி பெரிய மனுஷி ஆகிவிட்டாள்.

அனுசுயா நர்ஸ். அவளுக்கு இதெல்லாம் சாதாரணம். எனக்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டது. அறைக்குள் போய் நின்றேன். என்ன சொல்வது? தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளும் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் அவள்தான், "அப்பா, எட்டாம் நம்பர் பையில கத்திரி மொட்டு வச்சிருக்கு, பாத்தீங்களா?" என்றாள். இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

ஜூலை 5, சனி

மண்ணச்சநல்லூரிலிருந்து அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். உளுந்து, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, இரண்டு பை நிறைய. அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, சந்திரம்மாள் அக்காவுக்குப் பதினேழு. ரைஸ் மில்லில் நெல் காயவைத்து என்னைக் காலேஜுக்கு அனுப்பியவர். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசவும் தோன்றியதில்லை.

காபி குடித்துக்கொண்டே கனியிடம் சொன்னார்: "சடங்கு முடியற வரைக்கும் மாடிப் பக்கம் போகக் கூடாது கண்ணு. நீ தொட்டா செடி கருகிடும். இனிமே மாசாமாசம் இந்த நாலு நாளும் செடிகிட்டயே போகக் கூடாது."

மாசாமாசம். நாலு நாள்.

டம்ளர் என் கையில் அப்படியே நின்றது. பானுப்ரியா!

பன்னிரண்டு பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்குப் பிள்ளையோ புருஷனோ போய் ஊற்றியிருக்கிறார்கள். பானுப்ரியாவுக்கு ருக்ஸார். எம்.எஸ்சி. படித்த அலுவலர் எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்தப் பெண் எல்லார் முன்னாலும், ஒரு ஆம்பளையிடம் என்ன காரணம் சொல்லியிருக்க முடியும்? சே.

ஜூலை 6, ஞாயிறு

தனியாகத் தண்ணீர் ஊற்றினேன். நாற்பத்தைந்து நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது.

இறங்கி வந்தபோது அறைக்குள்ளிருந்து கனி கேட்டாள். "அப்பா, நீங்க செடி படிச்சவங்கதானே. நான் தொட்டா நெஜமாவே கருகிடுமா?"

அக்கா பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தை சொல்றாங்க இல்லம்மா" என்றேன்.

என்ன பதில் இது? மேடை மேடையாய் ஏறி, யார் வேண்டுமானாலும் செடி வளர்க்கலாம், தொட்டி போதும், மனசு போதும் என்று பேசுகிறவன். ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூலை 7, திங்கள்

கனி என்னோடு பேசவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்றும்.

ஜூலை 9, புதன்

அனு டியூட்டிக்குக் கிளம்பும்போது பின்னாலேயே போய், "நீ அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்" என்றேன்.

"நான் சொன்னா நாத்தனார் சண்டைன்னு ஆயிடும். உங்க அக்கா, நீங்க பேசுங்க." ஹெல்மெட்டை மாட்டியவள் திரும்பக் கழற்றினாள். "நானும் நர்ஸிங் சேர்ற வரைக்கும் அந்த நாள்ல கறிவேப்பிலைகிட்ட போனதில்ல. தெரியுமா உங்களுக்கு?"

"நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே."

ஜூலை 10, வியாழன்

பேசிவிட்டேன்.

அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, "அக்கா, கனி நாளைக்கு மாடிக்கு வரட்டும்" என்றேன்.

"கருகிடுச்சுன்னா?"

"கருகட்டும்க்கா. வேற வைப்போம்."

"பெரியவங்க சும்மாவாடா சொல்லி வச்சிருக்காங்க?"

அப்போதுதான் அது வாயில் வந்தது. நினைத்து வைத்துக்கொண்டு போகவில்லை. "ஸ்கூல்ல பானையத் தொடக் கூடாதுன்னு உனக்கு மட்டும் மேலருந்து கையில ஊத்துவாங்கன்னு சொல்லுவியே அக்கா. அதையும் பெரியவங்கதானே சொல்லி வச்சாங்க?"

கரண்டி நின்றது.

"அதுவும் இதுவும் ஒண்ணாடா?"

"எனக்குத் தெரியலக்கா. 'நான் தொட்டா கருகிடுமா'ன்னு கேட்டாளே, அந்த மூஞ்சியப் பாக்க முடியல."

களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, "உன் வீடு, உன் பொண்ணு" என்று மட்டும் சொன்னார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. எங்கள் அப்பா பீமராவ் 'தொடாதே' என்ற ஒரு சொல்லுக்காகவே ஊரில் எத்தனை பேரைப் பகைத்துக்கொண்டார். அதே சொல் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். காலையில் கூப்பிட்டால் கனி வரமாட்டேன் என்கிறாள்.

"வேணாம்ப்பா. ஏதாவது ஒண்ணு பட்டுப்போச்சுன்னா என்னாலதான்னு சொல்வாங்க."

ஆறு நாள். ஆறே நாளில் இது அவளுக்குள் போய்விட்டது. தப்பு அக்கா சொன்னதில் மட்டும் இல்லை, நான் சொல்லாமல் விட்டதிலும்தான்.

பாய் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "கனி, போன வருஷம் இந்த மாடியில பதினோரு செடி பட்டுப்போச்சு. யாரால?"

யோசித்தாள். "உங்களாலதான். வேப்பெண்ணெய அதிகமா அடிச்சீங்க."

"யாராவது என்னை மாடிக்கு வரக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நாத்து எங்க நர்சரியில கொட்டிக் கிடக்கும்மா. நீ வராம எனக்கு மாடியில வேலையே ஓடல. அன்னிக்கு நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். கருகாது. அப்பாவுக்குத் தைரியம் இல்ல, அதான் சொல்லல."

எழுந்து வந்தாள். முதல் இரண்டு பைகளுக்குப் பூவாளியைத் தூரமாகவே பிடித்து ஊற்றினாள். மூன்றாவதில் மறந்துவிட்டாள். கீழே இறங்கியதும் அக்கா அவளுக்குக் களியை உருட்டி, குழி பண்ணி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.

ஜூலை 16, புதன்

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் மட்டும் வைத்துக் கனிக்குச் சடங்குத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாளே அக்கா ஊருக்குப் போய்விட்டார்.

இன்று தென்னூர். ருக்ஸாரிடம் சொல்லி, பானுப்ரியாவை ஒரு ஐந்து நிமிடம் வரச் சொல்லியிருந்தேன். பத்து தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது, அங்கே போனதும் மறந்துவிட்டது.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைப் பேசினேன்மா. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் பாக்கல."

பிறகு விதியை எடுத்துவிட்டேன். யாருக்கு எப்போது முடியவில்லை என்றாலும் பக்கத்தில் இருப்பவர் ஊற்றலாம், போட்டோ வராவிட்டால் காரணம் கேட்க மாட்டேன். வர முடிந்தவர்கள் எல்லா நாளும் வரலாம், என் பெண் வருகிறாள், செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் பேச வரவில்லை. பிரேமலதா மட்டும், "அப்ப கத்திரிக்கா சார்?" என்றார். "கத்திரிக்கா பறிச்சா மட்டும் காரணம் கேப்பேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பானுப்ரியா சிரிக்கவில்லை. சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "பாக்கறேன் சார், குழந்தைக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். சரிதான். நான் கேட்டவுடன் அவர் மன்னித்துவிட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

ஜூலை 24, வியாழன்

பானுப்ரியாவின் பாத்தியில் மண் கொத்தியிருக்கிறது. விதைத்துத் தண்ணீரும் தெளித்திருக்கிறார். போட்டோ வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

அக்கா போன் செய்தார். மில் கதை, முழங்கால் வலி, மழை, சமயபுரம் கூட்டம் எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டார்.

"அந்தக் கத்திரிச் செடி என்னாச்சு?"

"நாலு காய் பறிச்சாச்சுக்கா."

"ம். நல்ல கத்திரியா இருந்தா எனக்கும் ரெண்டு நாத்து எடுத்து வை."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆறு மணிக்குக் கனி மாடிக்கு வரவில்லை. ஆறே கால் ஆனது. இறங்கி வந்து அவள் அறை வாசலில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா, வேண்டாமா? அத்தை சொன்னது திரும்பவும் மனசுக்குள் புகுந்துவிட்டதோ என்று பயம். இத்தனைக்குப் பிறகும் என்னிடம் சொல்ல முடியாமல் உள்ளேயே படுத்திருக்கிறாளோ என்று இன்னொரு பயம்.

"அப்பாவா?" என்று உள்ளிருந்து குரல். "பீரியட்ஸ்ப்பா. வயிறு வலிக்குது. இன்னிக்கு நீங்களே ஊத்திடுங்க."

"சரிம்மா. வேற ஒண்ணும் இல்லையே? செடி…"

"ஐயோ அப்பா! வலிக்குதுன்னுதானே சொன்னேன். தூங்க விடுங்க."

இருபத்து மூன்று பைக்கும் நானே ஊற்றினேன். அனு இன்னும் நைட் டியூட்டியிலிருந்து வரவில்லை. போன் செய்து வெந்நீர்ப் பை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள். சொன்னேன். "எனக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டாளா?" என்றாள்.