எட்டுப் பொட்டலம் நீலம்

முருகன் துணை

ஜங்லிகாட், போர்ட்பிளேர்
22-7-1967

அன்பு மகள் நீலாவதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பா பெயருக்கு வந்திருக்கும் மெமோவையும் என் முழங்கால் வலியையும் விட்டுவிட்டால் நாங்கள் இருவரும் சுகமாகவே இருக்கிறோம். நீயும் மெட்ராஸில் வேளைக்குச் சாப்பிட்டு, டெலிபோன் ஆபீஸில் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கினாலும் காதுவலி வராமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் பதினோராம் தேதிக் கப்பலில் வந்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், நான்கிலும் ஒரே விஷயம்தான். அப்பா ரிட்டயராக இன்னும் பதினான்கு மாதம்தான், அந்த மன்னிப்புக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் பென்ஷன் தப்பும், வீம்பு பிடிக்க வேண்டாம் என்று நீயாவது சொல்லு அம்மா என்று எழுதியிருக்கிறாய். மகள் புத்தி சொல்ல, தாய் கேட்டுக்கொள்ளும் வயது எனக்கு வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் போன கடிதத்தில் ஒரு விஷயத்தை உனக்கு எழுதாமல் விட்டுவிட்டேன். அது தெரியாமல் நீ புத்தி சொல்கிறாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

புது எஞ்சினியர் கிருஷ்ணமூர்த்தி பிப்ரவரி மாதம் மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கினார். நம் வீட்டுக்குக் கீழே ஜங்லிகாட் நடுவாக ஓடிக் கடலில் விழுகிற பெரிய சாக்கடை உனக்குத் தெரியும், கைதிகள் காலத்தில் கல் வைத்துக் கட்டியது. பிப்ரவரியில் அது எப்படி இருக்கும்? காய்ந்து கிடந்தது, உள்ளே நாலு ஆடு படுத்திருந்தது. ஒரு லாரியே போகலாம் போல இருக்கே, இவ்ளோ அகலம் எதுக்குய்யா கட்டினான் என்று அப்பாவிடம் கேட்டாராம். மேட்டில் புதிதாகக் கட்டிய ஆபீசர் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக வேண்டும், வழியெல்லாம் பாறை, தோண்டினால் ஆறு மாதம் ஆகும். எஞ்சினியருக்கு மூளை வேலை செய்தது. சாக்கடைதான் சும்மா கிடக்கிறதே என்று குடிதண்ணீர்க் குழாயை அதன் அடியிலேயே நீளமாகப் படுக்க வைத்துவிட்டார். போகிற வழியில் கீழ் வரிசை வீடுகளுக்கும் அதிலிருந்தே இணைப்புக் கொடுத்தார், தர்மப் பிரபு. அப்பா, மே மாசம் வரட்டும் சார், அப்புறம் பாருங்க என்றாராம். நான் கோயமுத்தூர்ல பாக்காத மழையா ஓவர்சீயர் என்றாராம் அவர். கோயமுத்தூர் மழையை முழுசாகப் பார்த்து முடித்தவரிடம் அந்தமான் மழையைப் பற்றி உன் அப்பா என்ன பேச முடியும்.

உன் அப்பா வாயால் பேசித் தோற்றால் பேனாவை எடுப்பார் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. மூன்று நகல் வைத்து நோட் எழுதினார். நம் ஊரில் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறோம், அந்த நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், மற்ற இருபத்திரண்டு மணி நேரமும் குழாய் காலியாகக் கிடந்து, மூட்டில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் வெளியே நிற்பதை உள்ளே இழுக்கும், வெளியே நிற்கப்போவது சாக்கடைத் தண்ணீர் என்று எழுதினார். எனக்கே புரிகிற மாதிரி எழுதியிருந்தார், அதனால்தான் ஆபீஸில் யாருக்கும் புரியவில்லை போலிருக்கிறது. பார்த்தேன் என்று ஒரு கையெழுத்தோடு நோட் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவர்களுக்கு என்ன கவலை? ஆபீசர்கள் வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீர் மலை ஊற்றிலிருந்து டிரம்மில் ஜீப்பேறி வருகிறது. சாக்கடைக் குழாய்த் தண்ணீர் அவர்கள் குளிக்க மட்டும், கீழ் வரிசைக்காரர்கள் குடிக்க.

மே பத்தாம் தேதிக்கு மேல் மழை பிடித்தது. எஞ்சினியர் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஆபீஸ் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தாராம், கோயமுத்தூர் ஞாபகம் வந்திருக்கும். மேட்டு வீடுகளின் கக்கூஸ் குழிகளெல்லாம் நிரம்பி வழிந்து சாக்கடையில் சேர்ந்தது. குழாய் கண்ணுக்கே தெரியாமல் முங்கிவிட்டது. பத்து நாளில் கீழ் வரிசையில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். முதலில் வயிற்றுப்போக்கு, அப்புறம் விஷக்காய்ச்சல். அப்பா இருபத்து நான்காம் தேதி இன்னொரு விண்ணப்பம் போட்டார். சாக்கடையில் குழாய் மூட்டுப் பக்கம் ஏதாவது சாயத்தை ஊற்றிப் பார்த்தால், அது வீட்டுக் குழாயில் வருகிறதா இல்லையா என்று அரை நாளில் தெரிந்துவிடும், அதற்கு அனுமதி வேண்டும் என்று கேட்டார். அவரே கொண்டுபோய் ஊற்றினால் யார் தடுக்கப்போகிறார்கள்? ஊற்ற மாட்டார். சர்வீஸில் முப்பத்தோரு வருடம் அனுமதி இல்லாமல் ஒரு வால்வைக்கூடத் திறக்காத மனிதர். எட்டு நாள் கழித்து விண்ணப்பம் ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. என்ன நிறம் ஊற்ற உத்தேசம், அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். அப்பா உட்கார்ந்து நிறத்துக்குக் காரணம் எழுதினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் நீலா.

கீழ் வரிசையில் மூன்றாவது வீட்டு ஜெயமணியை உனக்குத் தெரியும், சாத்தாம் மரமில்லில் வேலை செய்கிற கந்தனின் பெண்சாதி. நீ போன வருடம் லீவில் வந்தபோது உன் ரிப்பனைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாளே, அவள் பெண் முத்துமணி, நாலரை வயசு. அவளுக்கும் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஜூன் ஒன்பதாம் தேதி காலையில் போய்விட்டாள். அன்றைக்குக் காலையிலும் தண்ணீர் சரியாக ஆறு மணிக்கு விட்டார்கள், அந்த வீட்டுக் குழாயிலும் வந்தது. நான்தான் போய் அதை மூடினேன். இதைப் பற்றி எனக்குக் கிண்டலாக எழுத வரவில்லை. உன் அப்பா அடக்கம் முடிந்து வந்து, என்ன நிறம் என்ற கேள்விக்குப் பதில் எழுதிய நகலை எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் எஞ்சினியர்மேல்கூட வரவில்லை.

உனக்கு எழுதாமல் விட்டது இதுதான். ஜூன் பன்னிரண்டாம் தேதி அப்பா ஆபீஸுக்குப் போன பிறகு, வீட்டில் இருந்த துணிக்குப் போடுகிற நீலம் மூன்று பொட்டலம், ரஹீம் பாய் கடையில் வாங்கியது ஐந்து, ஆக எட்டுப் பொட்டலத்தையும் ஒரு வாளியில் கரைத்தேன். நாளைக்குக் கேட்டால் பொய் சொல்லக் கூடாதே என்று அப்பாவின் ஒரு வேட்டியை அதில் முக்கி அலசினேன். பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு மழை சற்று விட்டபோது வாளியைத் தூக்கிக்கொண்டு போய், சாக்கடையில் தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிற இடத்தில், குழாய் மூட்டுக்கு நேராகக் கொட்டினேன். மூட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான்கு மாதமாக ராத்திரி சாப்பாட்டோடு உன் அப்பா எனக்கு அதைத்தானே பரிமாறிக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குத் தண்ணீர் திறந்தார்கள். கீழ் வரிசை முழுக்க ஒரே கூச்சல். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வந்து, பானி நீலா ஹோ கயா தீதி, பானி நீலா என்று கத்தினாள், தண்ணீர் நீலமாகிவிட்டதாம். கிருஷ்ணமூர்த்தி ஐயா அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தாராம், தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொண்டவர், திறந்து பார்த்தால் பனியனுக்குப் போட வேண்டிய நீலம் வழுக்கையில் வழிந்திருக்கிறது. சரி, இனிமேலாவது புரிந்துவிடும் என்று நான் நினைத்தேன். எவ்வளவு அப்பாவி உன் அம்மா. மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாவுக்கு மெமோ வந்தது. சாக்கடையில் குடிதண்ணீர்க் குழாய் போனதற்கு இல்லை, குடிதண்ணீரில் சாயம் கலந்ததற்கு. சாயம் ஊற்ற அனுமதி கேட்டது அவர் ஒருவர்தானே, அப்படியானால் ஊற்றியதும் அவர்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். குழந்தைகள் காய்ச்சலில் படுத்ததற்குக்கூட அந்தச் சாயம் காரணமாக இருக்கலாம் என்று கடைசி வரியில் மெல்லச் சேர்த்திருந்தார்கள். ஒன்பதாம் தேதி செத்த குழந்தைக்குப் பன்னிரண்டாம் தேதி ஊற்றிய நீலம் காரணமாம். நீ கையெழுத்துப் போடச் சொல்கிற மன்னிப்புக் காகிதத்தில் இந்த வரியும் இருக்கிறது, அதை யாரும் உனக்குச் சொல்லவில்லை. போட்டால் பென்ஷன் தப்பும், குழாயும் சாக்கடையில் சுகமாக இருக்கும், முத்துமணியைக் கொன்ற பழி மட்டும் உன் அப்பா பெயரில் நிற்கும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைப் பார்த்தார், அது ஆகாசத்தைவிட நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை, நான் ஊற்றவில்லை, என் பெண்சாதி ஊற்றினாள் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் அப்படியே மரம் மாதிரி இருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான் நீலா, வேறொன்றுமில்லை. நான் சொன்னால் வேலையே போய்விடுமோ என்ற பயம்.

உன் கடிதம் வந்த அதே கப்பலில் விசாரணை ஆபீசர் பக்தவத்சலம் வந்தார். மூன்று நாள் கடலில் வாந்தி எடுத்துவிட்டு வந்தவரிடம் நியாயம் எதிர்பார்ப்பது தப்பு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பதிமூன்றாம் தேதி விசாரணை நடக்கும்போது, கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் வாசலில் நிறுத்தினார், உள்ளே குழந்தைவேலு ஓவர்சீயர் கேஸ் நடக்குதும்மா, பப்ளிக் வரக்கூடாது என்றார். கேஸே என்னுதுதான், தள்ளுப்பா என்று உள்ளே போய்விட்டேன். அப்பா எழுந்து நின்றார், முகம் வெளுத்துவிட்டது. நீலம் ஊத்தினது நான் சார், அவருக்குத் தெரியாது என்று சொன்னேன். பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏம்மா, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, ஊர் ஜனம் குடிக்கிற தண்ணில எதுக்கும்மா நீலத்தைக் கலந்தீங்க என்று கேட்டார். நான் குடிக்கிற தண்ணில கலக்கலீங்க, வேட்டி அலசின நீலத்தண்ணிய சாக்கடைல ஊத்தினேன், சாக்கடை அதுக்குத்தானே இருக்கு, அங்க ஊத்தினது குழாய்ல எப்படி வந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும் என்றேன்.

பக்தவத்சலம் திரும்பி, சாக்கடைக்குள்ள குழாய் போகுதா என்று கிருஷ்ணமூர்த்தியைக் கேட்டார். அது டெம்பரவரி அரேஞ்ச்மெண்ட் சார் என்றார் இவர். வா, பாத்துட்டு வரலாம் என்று எழுந்துவிட்டார் அவர். மழையில் சாக்கடையோரம் போய் நின்று பார்த்தார்களாம். எனக்கு ஒரு தண்டனையும் இல்லை, நான் சர்க்கார் வேலைக்காரி இல்லையாம், துணி அலசின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்று சட்டமும் இல்லையாம். அப்பாவின் மெமோவை ரத்து செய்யவில்லை, நிலுவையில் வைத்திருக்கிறார்கள், சர்க்கார் தப்பை ஒப்புக்கொள்ளும் அழகு அது. காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், கையெழுத்துக் கேட்கவில்லை, ஆகவே பென்ஷனைப் பற்றி நீ தூக்கம் கெட வேண்டாம். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, எட்டுப் பொட்டலம் ஜாஸ்தி, ரெண்டே போதும் என்றார். பிறகு உள்ளே போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமையிலிருந்து குழாயைச் சாக்கடையிலிருந்து பெயர்த்து எடுத்தார்கள். கீழ் வரிசைக்கு நான்கு நாள் தண்ணீர் இல்லை, காலி வாளியோடு வந்து நின்று எல்லோரும் உன் அப்பாவைத்தான் திட்டினார்கள். புதுக் குழாய் பாறையைத் தோண்டித்தான் போகப்போகிறது, எஞ்சினியரே வெயிலில் நின்று பார்த்துக்கொள்கிறார், அந்த மட்டில் நல்ல மனிதர்தான். நேற்று ஜெயமணி நம் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்தாள். ஆபீஸில் நடந்தது அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்கா, அந்த நீலத்தை ஒரு மூணு வாரம் முன்னால ஊத்தியிருக்கலாமே அக்கா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குடம் தளும்பாமல் படி இறங்கிப் போய்விட்டாள்.

எஞ்சினியருக்குப் பதில் சொன்னேன், பெரிய ஆபீசருக்குப் பதில் சொன்னேன், அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாளை மறுநாள் கப்பல் புறப்படுகிறது, அதனால் இதோடு நிறுத்துகிறேன். நீ நல்ல ஆரோக்கியத்தோடும் தீர்க்காயுசோடும் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் தினமும் முருகனை வேண்டிக்கொள்கிறோம். ஹாஸ்டல் தண்ணீர் எந்தக் குழாயில் எந்த வழியாக வருகிறது என்று உனக்குத் தெரியாது, அதனால் வார்டன் சிரித்தாலும் பரவாயில்லை, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், மறந்துவிடாதே. ஜெயமணிக்கு ஒரு கடிதம் எழுது. என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே.

இப்படிக்கு
உன்மேல் உயிராக இருக்கும் அம்மா
சந்திரமதி