மூன்றாம் வகுப்பின் காலை ஜெபம்

அக். 14, செவ்வாய்

விடியலிலிருந்தே தூறல். நேற்றோடு செல்வியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உசிலம்பட்டிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். செல்லூர் வீட்டில் நான் மட்டும்.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை: பிள்ளைகளின் நோட்டுக்கட்டு ஒன்று, பீரோ சாவி, பாதி தீர்ந்த சிவப்புப் பேனா. பேனாவைக் கொடுக்கவில்லை. இருக்கட்டும்.

பழங்காநத்தம் போய்த் தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் ஒப்படைத்தேன். வராண்டாவில் கால் ஆடும் பெஞ்சுகள் குவிந்து கிடந்தன. தறி மெக்கானிக் கை சும்மா இருக்குமா? "நான் சரிபண்ணித் தாரேன் சிஸ்டர், கூலி வேணாம்" என்றேன். வீட்டில் உட்கார முடியவில்லை, அதுதான் உண்மை. "வாங்க தம்பி. ஒங்களுக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார்.

அக். 15, புதன்

ஆறு பெஞ்சு முடிந்தது. ஏழாவதுக்கு ஆணி அடிக்கும்போது சிஸ்டர் ஓடிவந்தார். மூன்றாம் வகுப்புக்கு இன்னும் புது டீச்சர் கிடைக்கவில்லையாம். "ஒரு பீரியட் மட்டும் உக்காருங்க தம்பி."

செல்வியின் வகுப்பு.

பத்தாவதில் ஃபெயிலானவன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதப் பிள்ளைங்ககிட்டச் சொல்லாதீங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி: "இன்னொண்ணும் சொல்லிராதீங்க. டீச்சர் ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னுதான் அதுக நெனச்சிட்டிருக்கு. சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க அவங்க வீட்டுக்காரருன்னும் தெரியாது."

ஒரு பீரியட் சாயங்காலம் வரை நீண்டது. முப்பத்தொரு பிள்ளைகள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினேன், லீடர் பாண்டிமீனா திருத்தினாள். செல்வி பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மத்தியானம் டீ, ஒரு பன். கார்த்திக் என்ற பொடியன் எட்டிப் பார்த்தான்: "சார், இம்புட்டுதானா சாப்பாடு?"

அக். 16, வியாழன்

பெல் அடித்ததும் எழுந்து கண்ணை மூடினார்கள். பாதிப் பேர் நெற்றியில் விபூதி. பாண்டிமீனா சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். மழை நல்லாப் பெய்யணும். கார்த்திக் தம்பிக்குக் காய்ச்சல் விடணும். "எங்க செல்வி டீச்சர் சீக்கிரம் சுகமாகி வரணும்." ஆமென்.

நானும் ஆமென் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

அந்த ஒரு நிமிஷம் அவள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். சாயங்காலம் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். சிஸ்டர் வேண்டாம் என்றதால் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நாளைக்கும் எனக்கு அதைக் கேட்க வேண்டும்.

அக். 17, வெள்ளி

ஜெபம். ஆமென்.

நாளையிலிருந்து தீபாவளி லீவு. மத்தியானத்துக்கு மேல் பாடம் ஓடவில்லை. யார் வீட்டில் எம்புட்டு வெடி என்று ஒரே இரைச்சல். கார்த்திக் கேட்டான்: "சார், ஒங்க வீட்ல என்ன பலகாரம்?"

"எங்களுக்கு இந்த வருசம் தீபாவளி இல்லடா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்றாம் வகுப்பானாலும் இது தெரியாதா?

பாண்டிமீனா எழுந்தாள். "எங்க சித்தப்பா செத்த வருசம் நாங்களும் கொண்டாடல. ஒங்க வீட்ல யாரு சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். பெரியப்பா, அத்தை, யாரையாவது.

"செல்வி டீச்சர்" என்றேன். "டீச்சர் என் வீட்டுக்காரி."

பாண்டிமீனா இன்னும் உட்காரவில்லை.

"எப்ப சார்?"

"காலாண்டு லீவுல."

"அப்ப காலைல நாங்க ஜெபம் பண்ணுனப்ப?"

"அப்பவும் இல்லம்மா."

"நீங்களும் ஆமென் சொன்னீங்களே சார்."

பின் பெஞ்சில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது, அப்புறம் வகுப்பே அழுதது. பெல் அடித்தும் யாரும் ஓடவில்லை.

அக். 20, திங்கள்

தெரு முழுக்க வெடி. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். இரண்டு தடவை ஆமென் சொல்லியிருக்கிறேன். இரண்டும் தெரிந்தே சொன்னது.

அக். 23, வியாழன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சிஸ்டர் போன்: "சொன்னதும் நல்லதுக்குத்தான். ஆள் கெடைக்கல தம்பி, வந்துருங்க." நல்ல மழை. பஸ்ஸில் முழங்கால் வரை நனைந்து போய்ச் சேர்ந்தேன்.

பெல். எழுந்தார்கள். பாண்டிமீனா என் பக்கம் திரும்பவே இல்லை. மழைக்கு நன்றி. கார்த்திக் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது, அதற்கு நன்றி. அடுத்தது டீச்சர். அந்த இடத்தில் நிறுத்தினாள். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

"எங்க சார் மத்தியானம் சோறு சாப்பிடணும்."

முப்பது பேரும் திருப்பிச் சொன்னார்கள். ஆமென். எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் என் மேஜையில் டிபன் பாக்ஸ் மூடிகள். ஒன்றில் தயிர்ச்சோறு, ஒன்றில் புளிச்சோறு, ஒன்றில் தீபாவளி முறுக்கு இரண்டு, ஒடிந்தது. பாண்டிமீனா பக்கத்திலேயே நின்றாள். "சாப்பிடுங்க சார். பாத்துட்டுத்தான் போவேன்."

நாலு வாய் இறங்கியது. அதற்கு மேல் பிள்ளைகள் முன்னால் முடியவில்லை. எழுந்து திரும்பி நின்று போர்டைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.