ருலாவுக்குத் திறக்காத கேற்

பாலாம்பிகை, ஒரேயொரு இரும்புக் கேற் திறப்பதற்கு எங்கள் கடை முழுவதையும் விலையாகக் கொடுப்பேன். பேரம் பேசத்தான் அங்கே ஆளில்லை. மருமகள் ருலா தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பாலஸ்தீனத்தில் நாப்லசுக்கு வெளியே இராணுவச் சோதனைச்சாவடியில் விடியலிலிருந்து நிற்கிறாள். மாலையில் அம்மானில் விமானம். டிக்கெட்டை நாளைக்கு மாற்ற ஹம் நகரத்து ட்ரவல் ஏஜென்சிக்குப் போகிறேன். மகன் வினோஜன் வேலையால் வந்தால் சோறு போடும், சண்டை போடாதேயும்.

காலையில் அவளிடம் "நேரத்தோட வெளிக்கிட்டிருக்கலாமே" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தீர். யுத்த காலத்தில் ஊரில் ஓமந்தைச் சாவடியில் நீர் நின்றபோது யாராவது அப்படிக் கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பீர்.

கறி அடுப்பில். சூடாக்கும்.

பிறகு நினைவு வந்தது: நீர் தரவேண்டியது எனக்கு ஒரு தேத்தண்ணி, அவளுக்கு ஒரு மன்னிப்பு. என்னுடையதைப் பிறகு தரலாம். அவளுடைய போனில் சார்ஜ் குறைவு.